பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தர்மக் கணக்கு

கேள்வி: என் அப்பா விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருந்தவர். வயது 81. எனக்கு 49, சென்னையில் வேலை பார்க்கிறேன். வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். பழைய பென்சில் துண்டைக் காட்டினால்தான் புதுப் பென்சில் கிடைக்கும். தீபாவளிக்கு ஒரே ஒரு துணி. விளக்கை அணைக்காமல் வந்தால் அடி. பத்தாம் வகுப்பில், 1991 டிசம்பரில், கொடைக்கானல் சுற்றுலாவுக்கு 175 ரூபாய் கேட்டேன். 'அநாவசியம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். போன மாதம் வீட்டை ஒழித்தபோது அவருடைய பழைய பேரேடுகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் கடைசிப் பக்கங்களிலும் 'தர்மம்' என்று தனிக் கணக்கு. நான் சுற்றுலாவுக்குக் கேட்ட அதே வாரத்தில் 'மாணவன் ஒருவன், பரீட்சைக் கட்டணம், சீருடை, ரூ.210' என்று எழுதியிருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. 30 வருஷத்துக்கு மேல் இப்படிச் செய்திருக்கிறார், அம்மாவுக்கே பாதிதான் தெரியும். அவரிடம் என்ன பேசுவது? பாராட்டினால் எழுந்து போய்விடுகிறார். தனக்குப் பிறகு இந்தக் கணக்கை நான் நடத்த வேண்டுமாம், அதற்கு 3 லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறாராம். என் கணவருக்கு இதில் அவ்வளவு இஷ்டமில்லை. அண்ணன் அப்பாவோடு பேசி 6 வருஷம் ஆகிறது. என் மகனுக்கு 16 வயது. அவனிடம் எவ்வளவு கண்டிப்பாக இருப்பது என்றும் புரியவில்லை. — வாசகி, சென்னை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அழுகை, கோபம் இரண்டில் ஒன்றை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டுக்குமே அந்தப் பக்கத்தில் ஆதாரம் இருக்கிறது. 210 ரூபாய் ஒரு பையனைப் பரீட்சை எழுத வைத்தது. அதில் உங்கள் பங்கும் இருந்தது, ஆனால் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்த பங்கு. பெற்றோரின் நல்லதனம் பிற்காலத்தில் தெரியவரும்போது பலர் செய்யும் தவறு, பழைய வலியெல்லாம் தன்னுடைய அறியாமை என்று மொத்தமாகத் தள்ளுபடி செய்வது. அப்படித் தள்ளிய வலி ஒரு வருஷத்துக்குள், சம்பந்தமே இல்லாத ஒரு சண்டையில், அவர் மேலோ உங்கள் மகன் மேலோ திரும்பி வரும்.

அதனால் ஊருக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில், அப்பா வைத்த கட்டுப்பாடுகளை நினைவுக்கு வருகிற வரிசையிலேயே எழுதுங்கள். பதினைந்து, இருபது வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்: இந்தச் சட்டம் அவரையும் கட்டுப்படுத்தியதா? தீபாவளிக்கு ஒரு துணி என்றால், அவரும் ஒரு வேட்டிதான் எடுத்தாரா? விளக்கை அணைக்க வேண்டும் என்றால், அவர் தன் அறை விளக்கை அணைத்துவிட்டுத்தான் வந்தாரா? உங்களிடம் எதிர்பார்த்த நேர்மை, கடைத் தராசிலும் இருந்ததா? தன்னையும் சேர்த்துக் கட்டிய சட்டம் கொள்கை. அதற்கு நீங்கள் தயங்காமல் நன்றி சொல்லலாம். உங்களை மட்டும் கட்டிய சட்டமும் அடியும் அப்படியல்ல. 81 வயதுக்காரர் நிறைய தர்மம் செய்திருக்கிறார் என்பதற்காக, விளக்குக்காகப் பத்து வயதுப் பிள்ளையை அடித்தது சரியாகிவிடாது. இதைச் சொல்வதால் நன்றி குறைந்தும் போகாது. இரண்டையும் ஒரே தாளில் தனித்தனியாகப் பார்த்துவிட்டால், அவர் முன்னால் உட்காரும்போது குரல் நடுங்காது.

அந்தத் தாளை அவரிடம் காட்ட வேண்டாம். அது உங்களுக்கு மட்டும்.

பாராட்டினால் ஏன் எழுந்து போகிறார் என்பதற்கு அவர் வளர்ந்த ஊரிலேயே காரணம் இருக்கிறது. விருதுநகர் மண்டிகளில் மகமை என்பது ஈகையாகப் பார்க்கப்பட்டதே இல்லை. உள்ளே வரும், வெளியே போகும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று உறவின்முறைக்கு, அதாவது சமூகத்தாரின் சங்கத்துக்கு, கட்ட வேண்டிய பணம் அது. தரகு, வண்டி வாடகை, சுமை கூலி மாதிரி அதுவும் ஒரு செலவு. அந்தப் பணத்தில்தான் கிணறு வெட்டினார்கள், வண்டிப் பேட்டை கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்து, அதைத் திரட்டிப் பள்ளிக்குக் கொடுத்த ஊர் அது. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்த பள்ளிதான். இந்தப் பழக்கத்தில் ஊறிய வியாபாரிக்கு தர்மக் கணக்கு பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பது இயல்பு. கடை வாடகை ஒழுங்காகக் கட்டினதற்கு யாராவது மாலை போட்டால் எப்படிக் கூசுமோ, உங்கள் பாராட்டு அவருக்கு அப்படிக் கூசுகிறது. 'நீங்க எவ்வளவு பெரிய மனுஷன்ப்பா' என்பது அவர் கணக்கில் எந்தப் பத்தியிலும் ஏறாத வரி.

ஆகவே பாராட்ட வேண்டாம், கணக்குக் கேளுங்கள். வியாபாரிக்குத் தெரிந்த மொழி அதுதான்.

ஊருக்கு இரண்டு நாள் லீவில் போங்கள். காலைப் பலகாரம் முடிந்து, மாத்திரை போட்ட பிறகு உட்காருங்கள். அந்த வயதில் சாயங்காலம் களைப்பு ஏறிவிடும், பதிலும் சிடுசிடுவென்று வரும். காது மந்தமாக இருந்தால் ஃபேன் சத்தத்தையும் டிவியையும் நிறுத்திவிட்டு, நன்றாகக் கேட்கும் காதுப் பக்கமாக உட்காருங்கள். ஒரே ஒரு பேரேடு போதும், அதிலும் மூன்று நான்கு வரிகள் போதும். 'இந்தப் பையன் யாருப்பா? உங்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்த வருஷம் பேரைக் காணோமே, ஏன்? இந்த 40 ரூபாய் திரும்ப வரவு வந்திருக்கே, அது என்ன?' என்கிற மாதிரிக் கேள்விகள். ஏன் செய்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு அவரிடம் பதில் இருக்காது, 'செய்யணும்னு தோணுச்சு' என்று முடித்துவிடுவார். யார், எப்போது, எவ்வளவு என்று கேட்டால் பேச்சு தானாக ஓடும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். போனில் பதிவு செய்ய ஆசை இருந்தால் முதல் நாள் வேண்டாம், இரண்டாம் நாள் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்காமல் பதிவு செய்தது தெரிந்தால் அத்தோடு வாய் மூடிவிடும்.

நன்றியை ஒரே ஒரு பொருளோடு கட்டிச் சொல்லுங்கள். 'நீங்க பென்சில் துண்டு கேட்டதாலதான் இன்னைக்கு வரைக்கும் நான் கடன் வாங்காம குடும்பம் நடத்துறேன்' என்று, அது உண்மையானால், சொல்லலாம். 'அதெல்லாம் இருக்கட்டும், சாப்பிட்டியா' என்பார். மறுத்துப் பேச வேண்டாம், சாப்பிடப் போய்விடுங்கள். காதில் விழுந்துவிட்டது, அது போதும். சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: 'நல்லது செஞ்சீங்க, ஆனா எங்களை...' அந்த 'ஆனா' முன்னால் சொன்ன எல்லாவற்றையும் அழித்துவிடும். அவர் காதில் குற்றச்சாட்டு மட்டும்தான் தங்கும். சுற்றுலா விஷயத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்றால் வேறொரு நாள், அது மட்டுமாகக் கேளுங்கள். இப்படி: 'அந்த வாரம் நான் 175 ரூபா கேட்டேன், நீங்க இந்தப் பையனுக்கு 210 கொடுத்திருக்கீங்க. எனக்குச் சொல்லியிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்ப்பா.' இதில் குற்றம் சாட்டுவது இல்லை, உங்கள் பக்கத்துச் செய்தி இருக்கிறது. அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால், அதுவே அவருடைய பதில். அடித்ததைப் பற்றிப் பேசுவதா வேண்டாமா என்பதை நீங்களே ஒரு கேள்வியால் தீர்மானிக்கலாம்: அவர் பதில் சொல்லாவிட்டாலும் சொன்னது போதும் என்று தோன்றுமா? தோன்றினால் பேசுங்கள். பதில் வந்தே தீர வேண்டும் என்று இருந்தால் அந்தப் பேச்சை ஒரு ஆலோசகரிடம் வைத்துக்கொள்வது நல்லது. 81 வயதில் பழைய நினைவு சில கலைந்திருக்கலாம், 'அப்படியா செஞ்சேன்' என்று அவர் கேட்டால் உங்களுக்குத்தான் இன்னும் வலிக்கும்.

பேரேடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கங்களை ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், ஓரம் வெட்டுப்படாமல் படம் எடுத்து வையுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் பசை மஞ்சளித்து எழுத்தையும் சேர்த்துக் கெடுக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் தங்கும். துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்து உயரமான அலமாரியில் வைத்தால் போதும்.

இனி அந்தக் கணக்கை நீங்கள் நடத்துவது. இதில்தான் நல்ல மனசுக்காரர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். முதல் மாதம் உணர்ச்சிவசப்பட்டு மூன்று நான்கு பிள்ளைகளை ஏற்றுக்கொண்டு, அடுத்த வருஷம் கைவிடுவார்கள். கலைக் கல்லூரிப் படிப்பு மூன்று வருஷம், பொறியியல் நான்கு வருஷம். இரண்டாம் வருஷத்தில் பணம் நின்றால் அந்தப் பிள்ளை படிப்பையும் இழக்கிறது, வேலைக்குப் போயிருக்கக்கூடிய ஒரு வருஷத்தையும் இழக்கிறது. உதவியே கிடைக்காத பிள்ளையைவிட அது மோசமான நிலை. அதனால் தொகையை முதலில் முடிவு செய்யுங்கள், பிள்ளையைப் பிறகு தேடுங்கள். உங்கள் இருவருக்கும் கைக்கு வருவது மாதம் 1,40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 2 சதவீதம் 2,800 ரூபாய், வருஷத்துக்கு 33,600. இது ஒரு பிள்ளைக்குச் சரியான தொகை. இதற்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்கி, சம்பளம் ஏறிய மறுநாள் தானாக அதற்குப் போகும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்று இருந்தால் எந்த மாதமும் மிஞ்சாது. அப்பா மூட்டை இறங்கியவுடன் எடுத்து வைத்ததற்கும் அதுதான் காரணம். ஒரு வருஷத் தொகை கையிருப்பாகச் சேர்ந்த பிறகே இரண்டாவது பிள்ளை.

அப்பா காலத்துக்கும் இப்போதைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அன்று கட்டணம்தான் சுவர். இன்று தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2022-இல் தொடங்கியது அது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆகவே கட்டணம் கட்டுகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். எங்கே இடிக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் இடிக்கும்: விடுதி முன்பணம், மெஸ் அட்வான்ஸ், புத்தகம், ஆய்வகக் கோட்டு, முதல் மாத பஸ் செலவு. உதவித்தொகை பிறகு வந்து சேரும், ஆனால் அட்வான்ஸ் கட்டினால்தான் அறை கிடைக்கும். பல பிள்ளைகள் நின்றுபோவது இந்த இடைவெளியில்தான். மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த கையோடு, உங்களுக்குத் தெரிந்த ஒரு அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடமோ வகுப்பாசிரியரிடமோ பேசி வையுங்கள். அரசுத் திட்டங்களுக்கு விண்ணப்பித்தாகிவிட்டதா என்று முதலில் சரிபார்த்து, விடுபட்டிருந்தால் இ-சேவை மையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் குறையும் தொகை எவ்வளவு என்று தாளில் எழுதி வாங்குங்கள்.

கல்லூரிக்குப் போக வேண்டிய பணத்தைக் கல்லூரிக் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். கைச்செலவுத் தொகையை மாணவர் பெயரிலுள்ள கணக்கில் போடுங்கள். இடைப்பட்ட உறவினர், தெரிந்தவர் யார் கையிலும் ரொக்கம் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, தனி ஒரு மாணவருக்குக் கட்டும் பணத்துக்கு 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வருமான வரிச் சலுகை கிடையாது. அந்தச் சலுகை பதிவு பெற்ற நிறுவனங்களுக்குக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. இதை உங்கள் கணவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வரி மிச்சமாகும் என்று நினைத்து அவர் சம்மதித்து, பிறகு இல்லையென்று தெரிந்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

அப்பாவின் கணக்கில் சில பேர்கள் திடீரென்று நின்றுபோயிருந்தால் காரணம் கேளுங்கள். 'ஃபெயில் ஆயிட்டான்' என்று சொன்னால், அந்த ஒரு கண்டிப்பை மட்டும் நீங்கள் தொடர வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தமிழ் வழியில் பன்னிரண்டு வருஷம் படித்துவிட்டு ஆங்கில வழிக்கு மாறும் பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் ஒன்றிரண்டு அரியர் விழுவது சாதாரணம். அரியர் தேர்வுக் கட்டணத்தை ஒரு தடவை கட்டுங்கள், என்ன புரியவில்லை என்று கேளுங்கள். பொய் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள். மதிப்பெண் பட்டியலை மறைப்பது, கட்டாத கட்டணத்தைக் கட்டியதாகச் சொல்வது போன்றவை அதில் அடங்கும். செமஸ்டருக்கு ஒரு போன், ஒரு மதிப்பெண் பட்டியல், வேறு எந்தக் கடமையும் அந்தப் பிள்ளைக்கு இருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து நன்றி சொல்ல வைப்பதும், சேர்ந்து படம் எடுப்பதும், தீபாவளிக்குக் கூப்பிட்டு வேலை சொல்வதும் வேண்டாம். உங்கள் அப்பா 'மாணவன் ஒருவன்' என்று பேரில்லாமல் எழுதினாரே, அந்த நாசூக்கு அவரிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஆனால் வீட்டுக்குள் அந்த ரகசியம் கூடாது. கணவரிடம் 'அப்பா சொல்லிட்டார்' என்று ஆரம்பித்தால், மாமனாரை எதிர்ப்பதாகுமே என்று வாயளவில் சரி சொல்லிவிட்டு உள்ளே வைத்துக்கொள்வார். தொகையை, கணக்கை, எத்தனை வருஷம் என்பதை எழுதிக் காட்டுங்கள். வீட்டுக் கடன் தவணை, பையனின் கல்லூரிச் சேமிப்பு இரண்டும் தொடப்படாது என்பதையும் காட்டுங்கள். அவர் 1 சதவீதம் என்றால் 1 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். கணக்கில் அவர் பெயரும் இருக்கட்டும்.

மகனிடமும் அதே திறந்த கணக்குதான். வருஷ ஆரம்பத்தில் இவ்வளவு இதற்கு என்று அவனுக்குத் தெரிய வேண்டும், பிள்ளையின் பெயர் தெரிய வேண்டியதில்லை. அவன் ஒன்று கேட்டு நீங்கள் மறுக்கும்போது, 'அந்தப் பிள்ளைக்குக் கொடுத்ததால உனக்கு இல்ல' என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். முகம் தெரியாத ஒரு பிள்ளையை அவன் வெறுக்கத் தொடங்குவான். இந்த மாத பட்ஜெட்டில் இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றால் அது வெறும் பணக் கணக்கு. பதினாறு வயதில் அவனுக்கென்று மாதம் ஒரு தொகை கொடுத்து, கணக்கு எழுதச் சொல்லலாம், ஆனால் எதற்குச் செலவழித்தான் என்று ஒவ்வொரு வரியையும் விசாரிக்கக் கூடாது. கூட்டல் சரியா என்று மட்டும் பாருங்கள். பள்ளியிலிருந்து வகுப்பே சேர்ந்து போகும் பயணம் வந்தால் அனுப்பிவிடுங்கள். நேரம், உண்மை, கடன் வாங்காமை இந்த மூன்றிலும் உங்கள் அப்பா மாதிரியே கண்டிப்பாக இருங்கள், நீங்களும் அதே கட்டுக்குள் இருந்துகொண்டு.

3 லட்ச ரூபாய் விஷயத்தில் அவசரம் இருக்கிறது. பேரேட்டில் எழுதி வைத்திருப்பதோ வாயால் சொன்னதோ சட்டப்படி நிற்காது. அவர் உயில் எழுத வேண்டும். வெள்ளைத் தாளே போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், உயிலில் பயன் பெறுபவர்கள் சாட்சியாக இருக்கக் கூடாது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் அண்ணன் விலகியிருக்கிற வீட்டில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதே நல்லது. 81 வயது என்பதால், தெளிந்த நினைவோடு இருக்கிறார் என்று அவரைப் பார்க்கும் டாக்டரிடம் அதே தேதியில் ஒரு சான்றும் வாங்குங்கள். எந்த வங்கியில் உள்ள எந்த வைப்புத்தொகை, எந்தக் காரியத்துக்கு, யார் பொறுப்பு என்று வரி வரியாக இருக்கட்டும். இந்தத் தொகைக்கு அறக்கட்டளை தொடங்காதீர்கள். பத்திரப் பதிவு, பான், வருஷா வருஷம் வரிக் கணக்கு, ஆடிட்டர் செலவு என்று வட்டியில் பெரும்பகுதி அதற்கே போகும். 7 சதவீத வட்டி என்று வைத்தால் 3 லட்சத்துக்கு வருஷம் 21,000 வருகிறது. அதை உங்கள் 33,600-உடன் சேர்த்தால் 54,600. உங்கள் சேமிப்பில் ஒரு வருஷத் தொகை கையிருப்பாக நின்ற பிறகு, அசலைத் தொடாமலே இரண்டாவது பிள்ளைக்கும் பெரும்பகுதி தேறும்.

அண்ணனுக்குப் பேரேட்டுப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். உங்களைவிட அவர் அதிகம் அடி வாங்கியிருக்கலாம், 'பார், அப்பா எவ்வளவு நல்லவர்' என்பது அவருக்கு இன்னொரு அடியாகத்தான் விழும். அவருக்குத் தேவை தகவல் மட்டும்: அப்பா உயில் எழுதப் போகிறார், அதில் 3 லட்சம் தர்மத்துக்கு, பாக்கி எப்படி என்பதை அப்பாவே முடிவு செய்வார், பதிவு இந்தத் தேதியில். பதிவுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால், நீங்களே போன் செய்து சொல்லுங்கள். வருவதும் வராததும் அவர் விருப்பம் என்றும் சொல்லிவிடுங்கள்.